கூரை அவருடையது, வெக்கை என்னுடையது

எங்கள் பழைய மெத்தையை யாருமே எடுத்துக்கொள்ளவில்லை. பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியை நிறுத்தி, ஓர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "ஃபோமா? வேணாம்க்கா" என்று அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். காலையில் குப்பை வாங்க வரும் அம்மாவிடம் கேட்டேன். "இதை வண்டியில ஏத்துனா மத்த குப்பையை என் தலையிலயா வைக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. மெத்தை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தது. மழை விட்டதும் புரட்டினேன். உறை கிழிந்து, உள்ளே இருந்தது மஞ்சள் ரவையாக உதிர்ந்தது. எங்கள் மாடிக்கு வரும் அணில் தேங்காய் நாரை விடாது, என் பழைய சேலை நூலை விடாது. இதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வாங்கும்போது அந்த மெத்தையின் உறையில் பச்சை இலைப் படம் இருந்தது. இயற்கை ரப்பர் என்றார்கள். கிழிந்த பிறகு பார்த்தால், மேலே ஒரு விரற்கடைக்கு ரப்பர், கீழே அடிவரைக்கும் பாலியூரித்தேன் ஃபோம். பெட்ரோலியத்திலிருந்து வருகிற சரக்கு. கடைக்காரரைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். ஒரு விரற்கடை அளவுக்கு உண்மையைத்தான் சொன்னார்.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் உண்டு. நான் போடிநாயக்கனூரில் பிறந்தவள். இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர். அப்பா ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் கணக்கு எழுதினார். பங்குனி, சித்திரையில் காய் வந்து இறங்கும். உடைத்த பஞ்சைக் கம்பிவலை அடித்த கூண்டுக்குள் போட்டுக் காயவைப்பார்கள். வெளியே கொட்டினால் அவ்வளவும் மேற்கு மலைக் காற்றோடு போய்விடும். உள்ளே பெண்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். சாயங்காலம் துணியை அவிழ்த்தால் புருவமும் முடியும் வெள்ளை, மூக்குக்குக் கீழே மட்டும் அவரவர் நிறம். பள்ளிக்கூடம் விட்டு வரும் எங்களுக்கு அது சிரிப்பாக இருக்கும். அவர்களுடைய இருமல் எங்களுக்குக் கேட்டதே இல்லை. இன்று 'இயற்கை மெத்தை' என்று யாராவது குழைந்து பேசினால் எனக்கு அந்தப் புருவங்கள்தான் ஞாபகம் வருகின்றன. இயற்கை என்பதற்காக அது யாருக்கும் நோகாமல் வந்தது என்று அர்த்தமில்லை.

ஆனாலும் அது அருமையான சரக்கு. இலவ இழை ஒரு குழாய். உள்ளே பெரும்பகுதி வெறும் காற்று. மேலே மெழுகு பூசினாற்போல் ஒரு வழுவழுப்பு, அதனால் தண்ணீர் ஒட்டாது. உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளில் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். அந்த வழுவழுப்பினால் தனியாக நூற்க வராது. ஆகவே துணியாகாது, அடைக்கத்தான் ஆகும். இலவு காத்த கிளி ஏமாந்தது வாஸ்தவம். அதற்கு நாம் நன்றி சொல்லவேண்டும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தை மாதம், மதுரையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் மெத்தைக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இலவம் மெத்தை போட்டா சும்மா விட முடியாதும்மா. மாசத்துக்கு ரெண்டு தடவை வெயில்ல போடணும். நாலஞ்சு வருஷத்துல பிரிச்சு அடிக்கணும். ஆகுமா உங்களால?"

"வெயிலைத் தவிர வேற என்ன பாய் இருக்கு எங்க மாடில?"

அவர் சிரித்துவிட்டு, ஒரு சிட்டிகைப் பஞ்சைக் கிள்ளி எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் போட்டார். மிதந்தது. விரலால் அமுக்கிவிட்டார், மறுபடி மேலே வந்தது. மில் கழிவுப் பஞ்சு கலந்திருந்தால் அது தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே போய்விடுமாம். "இதைப் பார்த்துட்டுத்தான் வாங்கணும். யாரும் பார்க்கிறதில்ல" என்றார். கண்ணுக்கு முன்னால் நடக்கிற இந்த ஒரு சோதனை, எந்தப் பச்சை இலை முத்திரையையும்விட எனக்குத் திருப்தியாக இருந்தது.

மெத்தை வந்தது. கோடைக்கு அதன்மேல் ஒரு கோரைப்பாய் விரித்தேன். பத்தமடைப் பட்டுப்பாய் அல்ல, அது கல்யாணச் சீருக்குப் போகிற பாய்; இது முசிறிப் பக்கத்துச் சாதாரணக் கோரை. தரையில் படுத்தால் என் வீட்டுக்காரரால் முழங்காலை மடக்கி எழ முடியாது, அதனால் பாய் கட்டிலேறியது. பாய் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தெருவில் கலர் கலராகச் சுருட்டி விற்பதில் பாதி பிளாஸ்டிக் பாய். கோரை வேர்வையை உறிஞ்சும். பிளாஸ்டிக் அதை முதுகிலேயே வைத்திருக்கும். சென்னிமலைப் போர்வை இரண்டு, கண்ணை உறுத்துகிற தெருவிளக்குக்கு எதிராகக் கெட்டித் துணியில் ஒரு திரை. அவ்வளவுதான் வாங்கியது.

இவ்வளவும் செய்துவிட்டு, சித்திரை மாத இரவு பத்தரை மணிக்கு, சுத்தமான பஞ்சின்மேல், சுத்தமான கோரையின்மேல், சுத்தமான பருத்தியின்மேல் நான் விழித்துக்கொண்டு கிடந்தேன்.

நாங்கள் இருப்பது முதல் மாடி. தலைக்கு மேலே வேறு வீடு இல்லை, வெறும் கான்கிரீட் தளம். மதுரை வெயிலைக் காலை எட்டு மணியிலிருந்து அது வாங்கிக்கொண்டே இருக்கிறது. வாங்கியதை உடனே தருவதில்லை; கெட்டியான தளம், சூடு அடிவரை இறங்கச் சில மணி நேரம் பிடிக்கிறது. நாம் விளக்கை அணைத்துப் படுக்கிற நேரத்திலும் அது கொடுத்துக்கொண்டே இருக்கும். தூக்கம் வரவேண்டுமானால் உடம்பின் உள்சூடு சற்றே இறங்கவேண்டும். கைகால் வழியாக உடம்பு அதை வெளியே விடப் பார்க்கிறது. மேலிருந்து தோசைக்கல்லைக் கவிழ்த்தாற்போல் சூடு இறங்கும்போது எங்கே விடுவது? மின்விசிறியோ தளத்தடிச் சூட்டைத்தான் அள்ளிக் கீழே தள்ளுகிறது. ஒரு வெப்பமானி வாங்கி மாட்டினேன். இரவு பத்து மணிக்கு மாடியில், திறந்த வெளியில், 31 டிகிரி. படுக்கையறையில் 36. ஊர் குளிர்ந்த பிறகும் எங்கள் அறையில் மட்டும் மத்தியானம் மிச்சமிருந்தது.

பெங்களூரில் இருக்கும் மகள் இதைக் கேட்டுவிட்டு ஏ.சி. வாங்கி அனுப்பினாள். நன்றியோடு சொல்கிறேன், அந்த வருஷம் தூங்கினோம். 20-இல் வைத்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கினோம். வெயிலுக்கு ஏ.சி., ஏ.சி.க்குப் போர்வை. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியது. தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கிற யூனிட்டுக்கும் விலை ஏறுகிறது என்பதைக் கட்டணச் சீட்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு அது சின்ன தொகை இல்லை. அதுவும் போகட்டும். எங்கள் ஏ.சி.யின் வெளிப்பெட்டி பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து ஊதிற்று. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை. அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். மறு மாதம் அவர்களும் ஓர் ஏ.சி. வைத்தார்கள். அதன் பெட்டி யாரைப் பார்த்து ஊதுகிறது என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சிக்கனத்துக்கு அரசாங்கம் சொல்லும் வழி ரிமோட்டில் இருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து வீட்டு ஏ.சி.க்கள் போட்டதும் 24 டிகிரியில் தொடங்கவேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். 20-க்குக் கீழே இறக்கவே முடியாதபடி செய்யப் போவதாக 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் அறிவித்தார். செய்யட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் 20-இல் வைக்கிறவள் கொழுப்பெடுத்து வைப்பதில்லை. தலைக்கு மேல் தளம் எரிகிறது, அதனால் வைக்கிறாள். அந்தத் தளத்தை யாரும் விசாரிப்பதில்லை.

தளத்துக்கு வைத்தியம் புதிதல்ல. மேல்தளத்தில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். சுண்ணாம்புக்குக் கடுக்காய்த் தண்ணீர். அப்படிப் போட்ட வீடுகளில் மத்தியானம் மூன்று மணிக்குத் தரையில் படுத்துத் தூங்கியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். எங்கள் வீடு கட்டியது பதினைந்து வருஷத்துக்கு முன்னால். ஜல்லியும் இல்லை, ஓடும் இல்லை. வெறும் சிமென்ட் பூச்சு, அதுவும் வருஷங்களில் கறுத்து, வெயிலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற நிறத்துக்கு வந்திருந்தது.

குறைந்தபட்ச வைத்தியம் வெள்ளையடிப்பது. வெள்ளை, வந்த வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். இதற்கு மேல் அதில் விஞ்ஞானம் இல்லை. கீழே குடியிருக்கும் வீட்டு ஓனரிடம் கேட்டேன்.

"தாராளமா அடிச்சுக்கங்கம்மா. ஆனா வாடகையில கழிக்கக் கூடாது" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. தண்ணீர் மோட்டார் கெட்டால் ராத்திரியானாலும் ஆள் கூட்டி வருவார். ஆனால் அவர் தூங்குவது என் தரைக்குக் கீழே. அவருடைய கூரை நான். எனக்குக் கூரை அந்தத் தளம். மின்கட்டணம் கட்டுவது நான், தளம் அவர் சொத்து. தளத்தில் பணத்தைப் போட்டால் மிச்சமாவது என் கட்டணம். அவர் ஏன் போடவேண்டும்? நாளைக்கே காலி செய்யச் சொன்னால் சுண்ணாம்பைச் சுரண்டியா எடுத்துக்கொண்டு போக முடியும்? நான் ஏன் போடவேண்டும்? இந்த முடிச்சில்தான் நகரத்து மாடிவீடுகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கின்றன. படுக்கையறையை இப்படி மாற்று, அப்படி மாற்று என்று வார இதழ்கள் யோசனை சொல்வது எல்லாம் என்னைப் பார்த்து. அறையின் ஆறாவது பக்கம் என் கையில் இல்லை என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

நான் போட்டேன். வேறு வழியில்லாமல் போட்டேன். கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே டிரம்மில் ஊறப்போட்டு, வெந்து அடங்கிய பின் வடிகட்டி, வெள்ளை சிமென்டும் ஒட்டுவதற்குப் பசையும் சேர்த்து, ஒரு கொத்தனாரும் சித்தாளும் இரண்டு கை அடித்தார்கள். ஒரு மூலையில் முதல் கை காய்வதற்குள் இரண்டாவதை அடிக்கச் சொல்லி அவசரப்படுத்தியது நான். அந்த மூலை மட்டும் முதல் மழையிலேயே செதில் செதிலாகப் பெயர்ந்தது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் தளத்தில் மத்தியானம் துணி காயப்போடப் போனால் கண் கூசும். எதிர்வீட்டு மாடிக்காரர் முதல் வாரம் முகம் சுளித்தார். வருஷா வருஷம் மழை கரைத்துவிடும், மாசி பிறந்ததும் திரும்ப அடிக்கவேண்டும்.

வெப்பமானி இரவு பத்து மணிக்கு 33 காட்டியது. மூன்று டிகிரி. எழுதும்போது சின்ன எண்ணாகத் தெரிகிறது. படுத்துப் பார்த்தால் தெரியும், புரண்டுகொண்டிருப்பதற்கும் தூங்கிவிடுவதற்கும் நடுவில் இருப்பது அந்த மூன்றுதான். ஏழரை மணிக்கு வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்ததும் தெற்கு ஜன்னலையும் வடக்குக் கதவையும் ஒருசேரத் திறப்பது, காலையில் வெயில் ஏறுமுன் சாத்திவிடுவது என்று ஒரு பழக்கம் சேர்ந்தது. ஏ.சி.யைக் கத்திரி வெயிலில் மட்டும் போடுகிறோம், அதுவும் 27-இல், விசிறி ஓட, இரண்டு மூன்று மணி நேரம். பழைய விசிறி 75 வாட். இரவுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். புதிதாக மாட்டிய பி.எல்.டி.சி. விசிறி 28 வாட். அதே ஓட்டத்துக்கு 17 யூனிட்டுக்குள் முடிகிறது. கணக்கு எழுதியவர் மகள் என்பதால் இதை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்.

மற்ற யோசனைகளையும் செய்து பார்க்காமல் இல்லை. காற்றைச் சுத்தம் செய்யும் செடி என்று மகள் இரண்டு தொட்டி வாங்கி வந்தாள். நாசா சொன்னது என்றாள். 1989-இல் நாசா சோதித்தது காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள். நிஜ அறையில் அதே பலன் கிடைக்கவேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்று 2019-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அதற்குப் பேர் படுக்கையறை இல்லை, காடு. செடி அழகுக்கு இருக்கட்டும். வெட்டிவேர்த் தட்டி எங்கள் ஊர் வறண்ட கோடைக்குக் கேட்கும். காற்றே நனைந்திருக்கிற சென்னையில் நனைத்துக் கட்டினால் வாசனை மட்டும் மிஞ்சும். கொசுவர்த்திச் சுருளை மட்டும் ஒழித்தே விட்டேன். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்கு நுண்துகள் சேர்கிறது என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வைப் படித்த அன்றே. இப்போது கொசுவலை. வலைக்குள் விசிறிக் காற்று பாதிதான் வரும், பொறுத்துக்கொள்கிறோம். தளம் குளிர்ந்த பிறகுதான் அந்தப் பாதிக் காற்று போதுமானதாயிற்று. முதலில் செய்யவேண்டியது மேலே இருந்தது; நான் கீழேயிருந்து தொடங்கியிருந்தேன்.

இனி விதிப் புத்தகத்துக்கு வருகிறேன். முப்பது வருஷம் அரசாங்கக் காகிதத்தைத் தட்டச்சு செய்தவளுக்கு அதைப் படிக்கிற நோய் போகாது. வீடுகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பாக 'எகோ நிவாஸ் சம்ஹிதா' 2018-இல் வந்தது. சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் எவ்வளவு சூடு இறங்கலாம் என்பதற்கு அதில் அளவே இருக்கிறது. நல்ல ஆவணம். ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கென்று வந்தது. ஒரு சென்ட் 40 சதுர மீட்டர் என்று வையுங்கள். பன்னிரண்டு சென்ட்டுக்கு மேல். மதுரையில் இரண்டு, மூன்று சென்ட்டில் எழும்பி நிற்கும் மாடிகளில் குடியிருக்கிற நாங்கள் யாரும் அந்தப் புத்தகத்துக்குள் இல்லை. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. சிறிய வீடுகளுக்கு அங்கும் அது விருப்பம்தான், கட்டாயமில்லை.

நம்மிடம் வேறொரு கதவு இருக்கிறது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வீட்டு வாடகைச் சட்டத்தில், எந்தப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று ஓர் அட்டவணை உண்டு. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் அடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய்க்கு வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. பார்க்கிற சுவருக்கு வெள்ளையடிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எரிக்கிற தளத்துக்கு இல்லை. அந்த வரியில் 'மேல்தளத்துக்கும்' என்று ஒரு சொல் சேர்த்தால் என்ன? கூடவே, தளத்தை வெள்ளையாக வைத்திருக்கும் வீட்டுக்கு மாநகராட்சி சொத்துவரியில் ஒரு சிறு தள்ளுபடி கொடுத்தால் ஓனருக்கும் அதில் ஓர் அக்கறை வந்துவிடும். ஏ.சி. போட்டு ஏறுகிற மின்தேவைக்கு மின்சாரம் வாங்குகிற செலவோடு ஒப்பிட்டால் இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு ஒரு செலவா?

இதை எல்லாம் எழுதி யாருக்கு அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இந்த வருஷம் மாசி பிறந்தது. டிரம்மில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை கொத்தனார் வந்து, பெயர்ந்த மூலையைச் சுரண்டிக்கொண்டிருக்கையில் ஓனர் மாடிக்கு ஏறி வந்தார். வருஷத்தில் இரண்டு தரம் தொட்டி கழுவ வருவதோடு சரி, மற்றபடி மேலே வரமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, போன வருஷத்துச் சுண்ணாம்பு கொஞ்சம் மிச்சமிருந்த இடத்தில் ஒரு காலையும், அடுத்த போர்ஷனுக்கு மேலே கறுத்துக் கிடந்த சிமென்டில் ஒரு காலையும் வைத்து நின்றார். மணி பத்துதான் ஆகியிருந்தது. இரண்டாவது காலை எடுத்துவிட்டார்.

அந்தப் போர்ஷனில் தை மாதம்தான் அவர் மகன் கல்யாணமாகிக் குடிவந்திருக்கிறான்.

"ராத்திரி தூக்கமே இல்லைன்றாம்மா பையன். இவங்க அப்படியே அந்தப் பக்கமும் ஒரு கை அடிச்சிருவாங்களா?"

"அடிச்சிருவாங்க. ரெண்டு கையா அடிக்கச் சொல்லுங்க, முதல் கை நல்லாக் காயட்டும். சுண்ணாம்பு மட்டும் நீங்க வாங்கிட்டு வந்துருங்க" என்றேன்.

"எத்தனை மூட்டை?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினார்.